மேல் வீடு அக்காவுக்கு, கீழ் வீடு எனக்கு

அப்பா இல்லாமல் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. முதலாம் ஆண்டு நாளில் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகன் எழுதுவது.

அப்பா மதுராந்தகம் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலேயே தாம்பரம் வந்து, ஒரு கம்பெனியில் கணக்கெழுதினார். பீர்க்கன்கரணை ஏரிக்கு இந்தப் பக்கம் மனை வாங்கி முதலில் கீழ் வீட்டையும், அம்மா காலமான பின் மேல் வீட்டையும் கட்டினார். யாரிடமும் கைநீட்டியதில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், இறால் பண்ணைக் காவல் என்று ஊர் ஊராகப் போனேன். பட்டினியும் கிடந்தேன். அப்பாவைக் கவனித்துக்கொண்டது அக்காதான்.

வாரிசுச் சொத்துக்கு வரி வரப்போகிறது என்று தொலைக்காட்சியில் யாரோ பேசியதைக் கேட்டு, அப்பா என்னை வரவழைத்தார். பத்திரம் எழுதுபவர் சிரித்தார்.

"அந்த மாதிரி வரி இப்ப கிடையாது சார். ஆனா நீங்க இருக்கும்போதே பிள்ளைங்களுக்கு செட்டில்மென்ட் எழுதிட்டா முத்திரைக் கட்டணம் கம்மி. பின்னாடி பாகத்துக்கு அலைய வேணாம்."

"எழுதுங்க. கீழ பையனுக்கு. மேல பொண்ணுக்கு," என்றார் அப்பா.

எனக்கு வயிறு எரிந்தது. ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் கீழ் வீட்டுக்குள் வந்துவிடும். வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

"காத்து உனக்கு, தண்ணி எனக்கா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத்தன வருஷம் சோறு போட்டது நான். கடைசி வரைக்கும் கீழ் வீட்லதான் இருப்பேன்னு பத்திரத்துல எழுதச் சொன்னாரே, கேட்டியா? பையன் வீட்லதான் உசிரு போகணுமாம்."

அதுவரை பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பா சொன்னபடியே இருந்தார். மேலே வரும்படி அக்கா கூப்பிட்டால், "இது என் பையன் வீடு" என்பார். பையன் அப்போது நெல்லூர் இறால் பண்ணையில் இருப்பான். அக்கா சாப்பாட்டோடு படி இறங்குவார். தண்ணீர் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி மேலே விடுவார்கள், வடிந்ததும் இறங்கிவிடுவார். கடைசி மூச்சும் கீழ் வீட்டில்தான். பக்கத்தில் இருந்தது அக்கா. அந்தப் பொறாமையும் எனக்கு உண்டு.

காரியம் முடிந்த அன்று அக்காவிடம் சொன்னேன். "மாத்திக்கலாம்க்கா. அவர் இருந்த வீட்ட நீ எடுத்துக்கோ. அக்கா தம்பிக்குள்ள எழுதினாலும் செலவு கம்மிதானாம்."

"மேல் வீட்டுக்கு அடி போடுறியா?" அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "வேணாம்டா. மேல இருந்தா நீ பூட்டிட்டு கிளம்பிடுவ. கீழ இருந்தா, தண்ணி வந்தா என்கிட்டதான் வந்தாகணும்."

போன மழைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். அப்பாவின் தட்டில் அக்கா சோறு போட்டார்.

அப்பாவை நாற்காலியோடு சுமந்த பிள்ளைகளுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் இருவரின் நன்றி. இனி வருகிறவர்கள் கீழ்க் கதவைத் தட்டுங்கள், நான் இருப்பேன். மழைக்காலமானால் மேலே வாருங்கள்.