மாமா காப்பாற்றிய துணி

கல்லூரி முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். கள்ளக்குறிச்சித் துணிக்கடைக்காரரின் மகன் என்னோடு படித்தவன். பழைய அச்சுக்கட்டைகளை வாங்கி வந்தான். கையால் பூ அச்சடித்த விரிப்புகளை மறுபடி விற்கலாம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டான். முதல் ஆர்டர் பன்னிரண்டு. அது போகவில்லையென்றால் கட்டைகள் அடுப்புக்கு, மகன் கடைக்கு என்று அவன் அத்தா சொல்லிவிட்டார்.

அச்சடிப்பது படிகாரக் கூழால். அதற்கு நிறம் கிடையாது. அடித்த இடம் தெரியக் கொஞ்சம் காவிமண் கலப்போம். பிறகு ஓடுகிற தண்ணீரில் அலசினால் காவியும் மிச்சப் படிகாரமும் போய்விடும். அதன்பின் சாயவேரோடு கொதிக்கவைத்தால்தான் பூ சிவக்கும். சரியாக அலசாவிட்டால் கழன்ற படிகாரம் வெள்ளையில் ஒட்டி அங்கேயும் சிவப்பேறும்.

பன்னிரண்டும் அலசத் தயாரான நாள். கச்சிராயபாளையம் வாய்க்காலில் அன்று சாயங்காலம் தண்ணீரை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். அன்றுதான் இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியலும். பஸ் ஓடவில்லை. நானும் நண்பனும் மூட்டைகளோடு சைக்கிளில் கிளம்பி, வெட்டிப் போட்டிருந்த புளியமரங்களைச் சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டி வாய்க்கால் பாலத்தை அடைவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. பாலத்தில் மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் என் தாய்மாமனும் ஒருவர்.

“உனக்கு வேல கெடைக்கணும்னு நாங்க ரோட்ல குந்திக்கினு இருக்கோம். நீ இன்னாடா, துணி தொவைக்கப் போய்க்கினு இருக்க?”

“தண்ணி நிக்கறதுக்குள்ள பன்னெண்டையும் அலசணும் மாமா. ரெண்டு பேரால ஆவாது.”

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். “எறங்குங்கடா. மரத்த எவன் தூக்கிக்கினு போவப் போறான்?”

ஆறு பேர் இறங்கினார்கள். துணியை விரித்ததும் பூவெல்லாம் கரைந்து ஓடியது. காவி போகும் என்று அவர்களிடம் சொல்ல மறந்திருந்தேன்.

“சாயம் போவுதுடா.” மாமா தன் கையிலிருந்த விரிப்பை அவசரமாகச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

“போவட்டும், விடுங்க மாமா,” என்றான் நண்பன்.

“பூவே போச்சின்னா அப்பறம் இன்னாத்த விப்ப, பாயி?”

நாங்கள் விளக்கியும் அவர் நம்பவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மீதியை அலசி முடித்தார்கள்.

மறுநாள் கொதிக்கவைத்து எடுத்ததில் பதினொன்று சுத்தமாக வந்தன. மாமா சுருட்டியது மட்டும் திட்டுத் திட்டாக வெளிர்சிவப்பு. பதினொன்றை அனுப்பினோம். பன்னிரண்டாவது எப்போது வரும் என்று கேட்டு ஆர்டர் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்த நண்பனின் அத்தா, கட்டைகளை அடுக்க ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்.

திட்டு விழுந்த விரிப்பை மாமாவுக்கே கொடுத்தோம். பனிக்காலம் முழுக்கப் போர்த்திக்கொண்டு திரிந்தார். கேட்டவர்களிடமெல்லாம், “பசங்க ஆத்தோட வுட்டுட்டானுங்க. நான் புடிச்சதால இது ஒண்ணாவது தப்பிச்சிது,” என்றார்.