கரி பிடித்த பிளக்

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் முடிந்த பிறகுதான் அவருடைய வண்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாலாஜாபேட்டையில் இருக்கும் என் கொழுந்தன், "அண்ணன் வண்டி வெளியாள் கைக்குப் போவ வேணாம் அண்ணி, நானே வந்து எடுத்துனு போறேன்" என்று போனில் சொன்னார். வர வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். ஆலங்காயத்திலிருந்து வாலாஜாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். எதற்கு இந்த வீம்பு என்று அம்மா கேட்டாள்.

வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஏரி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், விளையாட்டாக. பிறகு அது விளையாட்டாக இல்லாமல் போனது. கடைசி எட்டு மாதம் அவரைப் பின்னால் உட்காரவைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப் போனேன். நெஞ்சை என் முதுகில் சாய்த்துக்கொள்வார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். மூச்சு இழுத்துக்கொண்டால் முதுகிலேயே ஒரு உதறல் வரும். உடனே ஓரமாக நிறுத்துவேன். தண்ணீர் குடித்துவிட்டு, "போலாம்மே" என்பார். மறுபடி கிளம்புவோம்.

அவர் போன பிறகு வண்டி வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்து ஆயில், பேட்டரி, பிளக், பில்டர் எல்லாம் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, வண்டியின் ஆர்சி புத்தகத்தைப் பையில் வைத்துப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாணியம்பாடி தாண்டியதும் முதல் தடவை நின்றது. நிற்பதற்கு முன் வண்டி உதறியது. அந்த உதறல் எனக்கு இன்ஜினிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. முதுகில் வந்தது போல இருந்தது. பழக்கத்தில் கை தானாக ஓரமாக ஒதுக்கிவிட்டது. இறங்கி, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துவிட்டேன். யாருக்கு என்று அப்புறம்தான் உறைத்தது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனி முழுக்க அடுப்புக்கரி போலக் கறுப்பு. பிளக்கில் கரி பிடித்தால் உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்துப் போட வேண்டும் என்று அவர் காட்டிக்கொடுத்திருந்தார். அப்படியே செய்தேன். நாலாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

ஆம்பூருக்கு முன்னால் மறுபடி உதறி நின்றது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை அடிக்கிற இடம். இந்த முறை திரும்பியே பார்த்துவிட்டேன். பின்சீட்டில் பை மட்டும்தான் இருந்தது. தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரக் கடை ஒன்றில் காட்டினேன். அவசரத்தில் இருந்த ஒரு ஆள் புது பிளக் போட்டு, கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருகிவிட்டு, "பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது, கம்மி பண்ணிட்டேன், இனிமே நிக்காது" என்றார்.

பள்ளிகொண்டா வரை நிற்கவில்லை. அதைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் வேகம் குறைந்தது. முறுக்க முறுக்க மூச்சு முட்டுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை ஆஸ்பத்திரி வார்டில் பல மணி நேரம் கேட்டிருக்கிறேன். விரிஞ்சிபுரம் திருப்பத்துக்குப் பக்கத்தில் வண்டி ஒரேயடியாக அடங்கிப்போனது. வெயிலில் நின்று அழுதேன். அவருக்கு வாலாஜா வர இஷ்டமில்லையோ என்று நினைத்தேன். பேயை எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் சீட்டின் மேல் கையை வைத்து, "இன்னாதான் வேணும் உனக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

கொஞ்ச தூரத்தில் புளியமரத்தடியில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்து வந்து வண்டியை வாங்கிக்கொண்டார்.

"எங்கேர்ந்து வர்றம்மா?"

"ஆலங்காயம். இதோட மூணு வாட்டி நின்னுடுச்சி பாய். பிளக்கு மாத்த மாத்த கரியாவுது."

அவர் பிளக்கைக் கழற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்து என்னிடம் காட்டினார். "காஞ்ச கரி. எண்ணெய் ஏறியிருந்தா பிசுபிசுன்னு இருக்கும், அப்ப இன்ஜினைப் பிரிக்கணும். இது அது இல்ல. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. பிளக்கு மேல தப்பே இல்ல. நீ எத்தினி மாத்தினாலும் இதே பேஜார்தான்."

சோக்கை இழுத்து விட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. கார்புரேட்டரை இறக்கிப் பார்த்தார், அதிலும் குறை இல்லை. ஆம்பூர் ஆள் திருகியதை நான் சொன்னதும் அதை மட்டும் பழையபடி வைத்தார். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றி பில்டரை எடுத்தார்.

"இது புதுசுதான் பாய், போன வாரம் மாத்தினது" என்றேன்.

"புதுசுதான். ஒரு வாரத்துல இப்டியா ஆவும்?"

பில்டரின் முகம் முழுக்க மங்கிய சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அவர் சீட்டைத் தூக்கி, காற்று உள்ளே போகிற குழாய்க்குள் விரலை விட்டார். எலி கூடு கட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். பழைய கம்பளித் துண்டு போல ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்து கெட்டியான, நீலச் சாயல் கொண்ட சாம்பல் நிறப் பொதி. இரண்டு கையும் கொள்ளும் அளவுக்குச் சேர்ந்தது.

பாய் அதில் கொஞ்சம் பிய்த்து முகர்ந்து பார்த்தார்.

"வூட்டுக்காரரு தோல் ஷெட்ல வேலையா?"

"ஆமா. போன வருசம் தவறிட்டாரு. கேட்ல வாட்ச்மேனா இருந்தாரு."

அவர் அந்தப் பொதியை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "கேட்ல நிக்கிற வண்டிக்கு இது வராதும்மா. இது பஃப்பிங் தூசி. தூசியை வெளிய தள்ற ஃபேனுக்குக் கீழ தினம் நிப்பாட்டினாத்தான் இப்டி ஏறும். ஷெட்டாளுங்க வண்டி எவ்ளோ பாத்திருக்கறேன்" என்றார்.

பஃப்பிங் என்றால் தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது. தூசி புகை மாதிரி பறக்கும். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையில்தான் இருந்தார். இருமல் தொடங்கியபோது நான் சண்டை போட்டேன். மூன்று வயது மகளை மடியில் உட்காரவைத்து, இனி பஃப்பிங் பக்கம் போகமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். அடுத்த மாதமே கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்.

"முன்னாடி அந்த வேலையில இருந்தாரு பாய். விட்டு ஆறேழு வருசம் ஆச்சி. அப்ப ஏறினதா இருக்கும்" என்றேன்.

"வண்டி எப்ப எடுத்தது?"

வேலை மாறிய சந்தோஷத்தில்தான் அந்த வண்டியையே எடுத்தோம். ஷோரூமிலிருந்து புதிதாக, மாலை போட்டு, மூன்று பேருமாக ஓட்டிக்கொண்டு வந்தோம். அந்த வண்டி அவருடைய பழைய வேலையைப் பார்த்ததே இல்லை.

பாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் தலை ஈரமாகத்தான் வீட்டுக்கு வருவார். குளித்து, வேறு சட்டை மாற்றி. ஷெட் வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்பார். கேட்டில் நிற்கிறவருக்கு எதற்குக் குளியல் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் தூங்கும்போது பையைப் பார்த்தேன். சோப்பு டப்பாவும் துண்டும் இருந்தன. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "எவ வூட்ல குளிச்சிட்டு வர்ற?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். பல மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. நான் அப்படி நினைப்பதையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் நேராகவே கேட்டார், தூசி வேலையா என்று. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "முன்னாடி சார். விட்டுட்டேன். இப்ப கேட்ல இருக்கறேன்" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பாய் குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பில்டரைத் தட்டிப் போட்டு, புது பிளக்கை மாட்டினார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அந்தப் பொதியை அவர் கழிவுத்துணி போடும் டின்னில் போட்டார். அதைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? கேட்கவில்லை. காற்றில் அதிலிருந்து கொஞ்சம் பறந்து ரோட்டுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெதுவா போம்மா. இனிமே ஒண்ணும் ஆவாது" என்றார் பாய்.

அதன் பிறகு வண்டி அவ்வளவு சுகமாக ஓடியது. வேலூரைத் தாண்டும்போது வேண்டுமென்றே திடீர் திடீரென்று முறுக்கிப் பார்த்தேன். உதறவே இல்லை. முதுகு வெறுமையாக இருந்தது. அவர் இறந்த அன்றுகூட அவ்வளவு தனியாக நான் உணர்ந்ததில்லை.

வாலாஜாவில் கொழுந்தன் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே போகாமல், நின்ற இடத்திலேயே நடந்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எவ்ளோ நாளா?"

"அண்ணன் கேட்ல இருந்ததே ரெண்டு மாசந்தான். பஃப்பிங்ல ஒரு ஆளு வேலைய வுட்டு நின்னுட்டான், நீ வா, இல்லன்னா வேற எடம் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. வேற ஷெட்ல கேட்டாரு, அங்கயும் பஃப்பிங்குக்குத்தான் கூப்ட்டாங்க. அவருக்குத் தெரிஞ்ச வேலை அதான?"

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களாம். பாப்பா தலையில அடிச்ச சத்தியம் அண்ணி. அது பொய்யாப் போச்சின்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொன்னாரு. பாப்பாவுக்கு எதுனா ஆயிடும்னு அவருக்கும் பயம். மாசம் ஒரு வாட்டி விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போயி வெளக்கு வெச்சிட்டு வருவாரு."

மகளுக்கு ஒரு தடவை டெங்கு காய்ச்சல் வந்தது. அந்த மூன்று நாளும் அவர் சாப்பிடவே இல்லை. அப்பா பாசம் என்று ஊரே பேசியது, நானும் பெருமைப்பட்டேன். அவர் எதை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நீயாவது சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா அண்ணி" என்றார். சாவியை நீட்டினேன். வண்டி உங்களிடமே இருக்கட்டும் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். கோபம் இரண்டு மாதம் இருந்தது. பிறகு போனில் பேசினேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒரு வாட்டிகூட நிக்கல" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

இப்போதும் சாயங்கால பஸ்ஸில் ஆம்பூர் வழியாகப் போகும்போது, ஷெட் கேட்டுகளிலிருந்து தலை ஈரமாக வெளியே வரும் ஆண்களைப் பார்க்கிறேன். சீப்பால் படிய வாரி, சுத்தமான சட்டையில், டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு வண்டியை உதைக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருத்தரையாவது நிறுத்தி, வீட்டில் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் போல இருக்கும். இறங்கியதில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அவருடைய பழைய ஓ.பி. சீட்டுகளை எடுத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார், வேறொருவர் இருந்தார். இறந்தவர் சீட்டை வைத்துக்கொண்டு நான் எதற்கு வரிசையில் நின்றேன் என்று அவருக்கு முதலில் புரியவில்லை.

"அவரு என்ன வேலை பார்த்தாருன்னு தப்பா சொல்லிட்டோம் சார். கேட் வாட்ச்மேன் இல்ல. கடைசி வரைக்கும் பஃப்பிங்ல இருந்தாரு. அதை எழுதிக்குங்க."

"முன்னாடியே சொல்லியிருந்தா எங்களுக்கு உதவியா இருந்திருக்கும்மா" என்றார். பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை எடுத்து அந்தச் சீட்டில் பழைய வரியை அடித்து, மேலே ஆங்கிலத்தில் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். படித்துக் காட்டி, தமிழிலும் சொன்னார். சரி என்றேன். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள்.