எண் மாறியது, இடம் மாறவில்லை

அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என் போனில் இருக்கிறது. ஐந்து பெயர்கள். நான்காவது பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ‘1’. ஒன்று என்றால் உடனே வண்டி போக வேண்டும். பிறகு ஏன் அது நான்காவதாக நிற்கிறது? அதை எனக்கு அனுப்பிய நர்ஸம்மா கேட்டதும் அதைத்தான்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மருத்துவமனை, அதற்கு ஒரே ஜீப். எந்த ஊருக்கு முதலில் போவது என்று டிரைவருக்குக் காட்ட, திருப்பத்தூரில் உட்கார்ந்து நான் ஒரு செயலி செய்துகொடுத்தேன். வரிசை போட, யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த ஆயத்த நிரல் (லைப்ரரி என்பார்கள்) ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவசரமானவரை அது முன்னால் நிறுத்தும். அவசரம் நடுவில் கூடினாலும் இடத்தை மாற்றித் தரும். ஆனால் கூடிவிட்டது என்று அந்த வரிசைக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தனிக் கட்டளை உண்டு. விளக்கக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் நுனிப்புல் மேய்ந்துவிட்டு, அந்தக் கட்டளையை விட்டு, எண்ணை மட்டும் மாற்றும்படி செயலியை எழுதிவிட்டேன்.

நர்ஸம்மாவோ எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர். “மலைச்சனம் நோவ கொறச்சிதான் சொல்லும் சார். கொஞ்சம்னு சொன்னா நான் கெளம்பிடுவேன்” என்பார். இப்படி மாற்றினால் வரிசைக்கே தலை சுற்றும் என்று கிண்டல் செய்தேன். “சுத்தட்டுங்க, புள்ளத்தாச்சிக்கு சுத்தாம இருந்தா போதும்” என்றார். அதுவரை ஒரே நேரத்தில் ஒருவர் இருவர்தான் காத்திருந்ததால் என் தப்பு வெளியே தெரியவில்லை. மழை பிடித்த ஒரு காலையில்தான் ஐந்து பேர் சேர்ந்தார்கள்.

நான்காவது பெயர், மாதப் பரிசோதனைக்கு வர வேண்டிய ஒரு கர்ப்பிணி. அவள் கணவர் டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று, “கொஞ்சம் ரத்தம் படுதுங்க” என்றாராம். நர்ஸம்மா உடனே எண்ணை ஒன்றாக்கினார். பாதி வழியில் இருந்த டிரைவரின் போனிலோ, முழங்கால் கட்டு மாற்ற வேண்டிய பெரியவர்தான் முதலில் நின்றார். டிரைவர் பெரியவர் இருந்த காவலூர்ப் பக்கம் ஜீப்பைத் திருப்பினார். அதன் பிறகு அங்கே டவர் இல்லை.

“நம்பர் மாறிச்சி, எடம் மாறல. இன்னா சார் இது?” ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டு நர்ஸம்மா போனில் கேட்டார்.

ரீஃப்ரெஷ் பண்ணச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். “செயலியில தப்பு இருக்காதும்மா” என்றும் சொன்னேன். அந்த வாய்க்குச் சூடு போட வேண்டும். அவர் போனை வைத்துவிட்டு, மருந்துப் பையோடு தன் ஸ்கூட்டரில் மழைக்குள் கிளம்பிவிட்டார்.

தப்பைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. திருத்தியது ஒரே ஒரு வரி. ஆனால் திருத்தி என்ன பயன்? டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்ற குரலே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தார். நான் கத்திய கத்தலில் அவருக்கு எதுவும் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஜீப் போய்ச் சேரும்வரை, நர்ஸம்மா அந்தப் பெண்ணுக்கு ஒரு கையால் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தாயும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் செய்தி வந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் அவளைச் சேர்த்திருந்த திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். கணவர் கட்டில் பக்கம் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா முந்திக்கொண்டார்: “இந்த சார்தான் போன்லயே ஜீப்ப அனுப்பினவரு.” கணவர் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். நான் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

நர்ஸம்மா பின்னாலேயே வந்தார். “நெசத்த சொன்னா நம்பிக்க போயிடும், அடுத்த தபா போன் பண்ணாம நோவாளிய வூட்லயே வெச்சிக்குவாங்க சார். உள்ள போங்க. அவரு கும்புடுறத வாங்கிக்கினு போங்க.”

உள்ளே போனேன். அவர் மறுபடியும் கும்பிட்டார். வாங்கிக்கொண்டேன்.