கரைந்துபோன அரியதரம்

புளியங்கூடலில் எந்தப் பெண் சுடும் அரியதரம், அதுதான் அந்த அரிசிமா இனிப்பு, எண்ணெயில் கரைந்தாலும் அது அவளுடைய குற்றமில்லை. சீனிப்பாணி பதம் தப்பியிருக்கும், அடுப்பு அளவுக்கு மீறி எரிந்திருக்கும். அதையெல்லாம் யாரும் பேசமாட்டார்கள். "ஆரோ எட்டிப் பார்த்திட்டினம், கண்ணூறு பட்டுப்போச்சு" என்று சொல்லி, குசினிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு அடுத்த ஈட்டைப் போடுவார்கள். எவ்வளவு வசதியான ஏற்பாடு! ஊரே நிம்மதியாக நித்திரை கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் சேராத ஒரே ஆள் தயாபரனின் மகள் கம்சிகா. சின்ன வயதிலேயே தாய் இறந்துபோக, தயாபரன் மறுகலியாணம் செய்யாமல் தனியாக வளர்த்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த கையாலேயே தலையும் பின்னிவிட்டார். பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. ஊர்வாய்க்கு அவல் கிடைத்தது. கம்சிகா சைக்கிளால் விழுந்தால், தாயில்லாப் பிள்ளை. சோதனையில் புள்ளி குறைந்தால், தாயில்லாப் பிள்ளை. கூடினால், "பாவம், தாயில்லாப் பிள்ளை." ஊர் சொல்லிக் களைத்த பிறகு மிச்சத்தை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தில் ஒருநாள் லீவு எடுத்தவளில்லை.

அவள் வேலை செய்யும் பிரதேச சபையில் பக்கத்து மேசை நிசாந்தினி கடிதத்தை ஆள் மாறி அனுப்பிவிட்டு அழுதால், "பிழை விடாத ஆள் ஆரடி? வா, தேத்தண்ணி குடிப்பம்" என்பாள் கம்சிகா. தன்னுடைய பிழைக்கு மட்டும் தேத்தண்ணீர் கிடையாது.

இப்போது வேலணையிலிருந்து நிரோஜனின் வீட்டார் வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நிரோஜனை அவளுக்கு மிகவும் பிடிக்கும். அவனுடைய தாய்க்குத் தன் கையால் சுட்ட அரியதரம்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வியாழன் பின்னேரம் அடுப்பை மூட்டினாள். முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததும் நுரைத்துப் பிரிந்து அடியில் தூளாகக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

நிரோஜனுக்கு அழைக்கப் போனை எடுத்த கம்சிகா, பக்கத்தில் இருந்த தகப்பனிடம் திரும்பினாள். "அப்பா, அவையளை வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். ஒரு அரியதரம் சுட ஏலாதவள் குடும்பம் நடத்துவாளே? ஒழுங்கான வளர்ப்பு இருந்திருந்தால் இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

மா அரித்துக்கொண்டிருந்த தயாபரனின் கை நின்றது. "எனக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான் வளர்த்தனான், பிள்ளை" என்றார்.

கம்சிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலமும் தன்னை அடிப்பதாக நினைத்து ஓங்கிய அடியெல்லாம் யாருடைய முதுகில் விழுந்திருக்கிறது! அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. போனைக் கீழே வைத்தாள்.

எண்ணெய் மணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அன்னபூரணம் மாமி குசினிக்குள் தலையை நீட்டியது அந்த நேரம்தான். சட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கரைஞ்சுபோச்சே? என்ன செய்யிறது, சொல்லித்தர ஒரு தாயில்லை."

"அதில்லை மாமி," என்றாள் கம்சிகா. "நீங்கள் வேலியால எட்டிப் பார்த்தனீங்கள். கண்ணூறு பட்டுப்போச்சு."

மாமி சட்டியைத் திரும்பவும் பார்த்தார். மறுத்தால் தன் வீட்டுச் சட்டியில் இத்தனை வருசமாகக் கரைந்ததற்கெல்லாம் யார் பதில் சொல்வது? வந்த வழியே போய்விட்டார். கம்சிகா குசினிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

மூன்றாவது ஈடும் கரைந்தது.

"இப்ப ஆர் பார்த்தது?" என்றார் தயாபரன்.

"நீங்கள்தான்."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, தூளைக் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். நல்ல இனிப்பு.

வெள்ளிக்கிழமை மேசையில் கடைப் பிஸ்கற்றைக் கண்ட நிரோஜனின் தாய், "பலகாரம் ஒண்டும் சுடேல்லையோ?" என்று கேட்டார்.

தயாபரன் நிலத்தைப் பார்த்தார்.

"சுட்டனான் அன்ரி, கரைஞ்சிட்டுது" என்று சொல்லிவிட்டு, கம்சிகா தனக்கும் ஒரு தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள்.