தண்ணீர் குடிக்காத லைன்

என் அக்கா சட்டைக்குக் காலர் வைப்பவள். அவள் வேலை பார்த்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஒரு வரிசைக்கு ஒரு லைன் என்று பெயர். ஒருத்தி தைத்து முடித்ததை அடுத்தவள் வாங்கித் தைக்க வேண்டும். நடுவில் யாராவது எழுந்து போனால் அவள் இடத்தில் துணி குவியும். அடுத்தவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். அதனால் கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். "மெடல் வாங்கப் போற மாதிரிதான் போறேன். போற இடம்தான் வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்பாள் அக்கா.

அந்த வருடம் நிர்வாகம் ஒரு போட்டி வைத்தது. மூன்று மாதத்தில் அதிகமாகத் தைத்து, டோக்கனைக் குறைவாக எடுக்கும் லைன் முழுவதையும் ஒரு மலை நகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போவார்கள். யாராவது லீவு போட்டால் லைனுக்கே மதிப்பெண் குறையும்.

அக்கா எந்த ஊருக்கும் போனதில்லை. பத்தாவது முடித்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். நான் கல்லூரிக்குப் போன வருடங்களிலும் அந்த ஒரே பாதையில்தான் போய்வந்தாள். மலையில் மேகம் ரோட்டுக்கே இறங்கி வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. "கையை நீட்டினா ஈரமாகுமாடா?" என்று என்னைக் கேட்டாள். நானும் பார்த்ததில்லை. ஆகும் என்றேன்.

ஜெயிக்க வழி சொன்னவள் அடுத்த மெஷின்காரி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தண்ணீர் குடித்தால்தானே டோக்கன் எடுக்க வேண்டும் என்றாள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சூப்பர்வைசர் சொல்வதும் உண்மைதான். பக்கத்து லைன்காரிகள் இவர்களை ஒட்டகக் கூட்டம் என்று கேலி செய்தார்கள். இவர்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது மாதம் அக்காவுக்கு அடிவயிற்றில் எரிச்சல். உடம்புச் சூடு என்றாள். அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டர் சிறுநீரில் கிருமி என்றார். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு வாரம் படுத்திருக்கச் சொன்னார். லீவு போடு என்று அம்மா மன்றாடினாள்.

"நான் ஒருத்தி படுத்தா எல்லாருக்கும் போச்சும்மா. அவளுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"உன் வலி அவளுங்களுக்குத் தெரியுமா?"

"அவளுங்களுக்கு மட்டும் எரியலையா? எல்லாரும்தான் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்காளுங்க."

மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

லைன் ஜெயித்தது. கிளம்புகிற அன்று என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சத்தியம் செய்தாள்.

மற்றதெல்லாம் ரேடியோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மலை வளைவுகளில் பஸ் ஏறும்போதே அக்காவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. மற்றவர்கள் ஏரியில் படகில் போனபோது அவள் விடுதி அறையில் இரண்டு கம்பளிக்குள் கிடந்தாள். மறுநாள் காலை மேகம் நிஜமாகவே இறங்கியது. எதிரே இருந்த கடைகள் மறைந்துபோயின. ரேடியோ ஓடிவந்து, எழுந்திருக்க முடியாதவளுக்காக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"சாத்துடி, குளிருது" என்றாள் அக்கா. கண்ணைத் திறக்கவே இல்லை.

கீழே கொண்டுவருவதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் குழாய் வழியாக அவள் உடம்புக்குள் தண்ணீர் ஏற்றினார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே போய்விட்டாள்.

துக்கம் கேட்க சூப்பர்வைசர் ரேடியோவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஆசைப்பட்ட ஊரைப் பாத்துட்டாங்களேம்மா. அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்குது?"

"பாக்கலைங்க. ரூம்ல படுத்திருந்தா" என்றாள் அம்மா.

ரேடியோ அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். அழுகை அடங்கும்வரை சூப்பர்வைசர் வாசலில் நின்றார். பிறகு, ஏற்கெனவே காலர் மெஷின் காலியாக இருக்கிறது, அடுத்ததும் காலியாகக் கிடந்தால் லைன் நின்றுபோகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ரேடியோ முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வண்டியில் ஏறிப் போனாள்.