குப்பைமேடு இறங்குறவங்க வாங்க

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது பாதிதான். மீதிப் பாதி, ஊர் பேரைத் தொண்டை கிழியக் கத்துவது. நான் கத்துவது பாரிமுனையிலிருந்து கொடுங்கையூர் வழியாக மணலி, மாத்தூர் வரை. தினமும் என்னோடு கம்பியைப் பிடித்துத் தொங்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரை தூங்கா நகரம், சேலம் மாங்கனி நகரம், தூத்துக்குடி முத்து நகரம். எங்கள் ரூட்டில் நான் கூவும் பேர்களைக் கேளுங்கள்: குப்பைமேடு, உரக் கம்பெனி, டேங்கர் லாரி ஸ்டாண்டு. நிறுத்தத்துப் போர்டில் நல்ல பேர் ஏதாவது எழுதியிருக்கும். ஆனால் ஜனங்களுக்குப் பழகின பேரைச் சொன்னால்தான் இறங்குவார்கள். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது.

போனை எடுக்கலாமா?

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு தம்பி ஏறினார். மணலியில் ஏதோ ஆபீஸ் வேலையாம். வேளச்சேரியிலிருந்து வருகிறாராம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவே மாட்டேன் என்கிறார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, "சார், இந்த ஏரியால போனை வெளிய எடுக்கலாமா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிறந்ததிலிருந்து திருவொற்றியூரில் இருக்கிறேன், இவர் எங்களைத் தியேட்டரில் ரவுடிகளாகப் பார்த்ததோடு சரி. நான் வாயைத் திறப்பதற்குள், முன் சீட்டில் காலி மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா தன் போனைத் தூக்கிக் காட்டினார். "எட்த்துப் பேசு நைனா, இன்னா அவசரமோ. எங்கையில கீறது உன்னுத வுட பெருசு."

வந்தாரை வாழவைக்கும்

எங்கள் வண்டியில் டிரைவர் தலைக்கு மேல் 'வந்தாரை வாழவைக்கும் சென்னை' என்று யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் மணலியை நெருங்கும்போது, கம்பெனிப் புகையின் வழக்கமான அந்த வாடை வந்தது. கண் எரிந்தது. வண்டி முழுக்க இருமல். இதற்கு யாரிடம் போய்ப் புகார் சொன்னாலும், காற்று திசை மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். காற்று திசை மாறினால் மாத்தூர்க்காரன் இருமுவான், அவ்வளவுதான்.

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இருமி முடித்து, ஸ்டிக்கரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வந்தவன வாய வெக்கட்டும் மாமு, வோணாங்கல. இங்கியே பொறந்தவனுக்கு இருமல் மருந்தாச்சும் குடுக்கச் சொல்லு."

செண்பக நகர்

பாரிமுனையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ரேவதி எங்கள் வண்டிக்குத் தினசரி வாடிக்கை. காலையில் குப்பைமேட்டில் ஏறி, சாயங்காலம் அங்கேயே இறங்குகிற பெண். ஒரு நாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கண்ணா, உங்க வண்டிலதான். போன தபா வந்தவங்க நீங்க குப்பமேடுன்னு கூவுனதுமே மூஞ்ச சுளிச்சாங்க, அதோட போனவங்கதான். இவங்களாண்ட செண்பக நகர்னு சொல்லிக்கிறோம். அன்னிக்கு மட்டும் அப்டியே கூவுங்கண்ணா." போர்டில் உள்ள பேரே அதுதான். ஒரு பெண் தன் ஊரின் சொந்தப் பேருக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை குரலைச் செருமிக்கொண்டு, "செண்பக நகர், செண்பக நகர்" என்று கூவினேன். தாம்பூலத் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். மற்றவர் ஒருவரும் அசையவில்லை. யாருக்கும் அது எந்த இடமென்றே தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பாதி பஸ்ஸும் ஒரே குரலில், "குப்பமேடு வந்துட்ச்சி, நிறுத்து, குப்பமேடு, குப்பமேடு" என்று அலறிக்கொண்டு அந்த அம்மாவைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. நானே குப்பைமேடு என்று கூவியிருந்தால் ஒரு குரலோடு போயிருக்கும்.

திங்கட்கிழமை ரேவதி ஏறியதும் கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். வந்தவர்கள் காபியைத் தொடவில்லையாம். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க எப்படித்தான் இருக்கீங்களோ" என்றாராம். "அதுக்கு நீ இன்னா சொன்னே?" என்று டிரைவரே திரும்பிக் கேட்டார். "தெனிக்கும் உங்க வூட்டு வாசல்லேர்ந்து ஒரு குப்ப லாரி கெளம்புது பாருங்க, அது இங்கதான் வருது அத்தே, அத நிறுத்துனா நாத்தமும் நின்னுடும்னேன்" என்றாள். சம்பந்தம் முறிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கவே இல்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "இனிமே குப்பமேடுன்னே நல்லா கூவுங்கண்ணா. மூக்கப் பொத்துறவன் வண்டிலியே போவட்டும், எங்க வூடு வரைக்கும் வர வோணாம்."

சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் அங்கே விளைந்ததால் பேர் வந்தது. எங்களுக்கு மட்டும், அடுத்தவர் தூக்கிப் போட்டதால் வந்திருக்கிறது.