பாதுகாப்பான லைன்

மகளுக்குத் தங்கா பத்து ஊரில் வரன் அமைந்தது. மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பையனின் அம்மா கேட்டது ஒன்றுதான். "அண்ணே, பரிசம் போடுற வரைக்கும் வெளிய தெரிய வேணாம். போன தடவ பையனுக்கு அமைஞ்ச எடம் ஊர் வாயில விழுந்துதான் கலைஞ்சிச்சு."

ரகசியத்தைக் காக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

எஸ்டேட் பள்ளியோடு நின்றது என் படிப்பு. மீதியைப் போனில் வீடியோ பார்த்தே முடித்தேன். 5ஜியில் நம் அடையாள எண்ணை மறைத்துத்தான் அனுப்புவார்களாம். ஆனால் போலி டவர் வைத்து நம் போனைப் பழைய 2ஜிக்கு இறக்கிவிட்டால் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. செட்டிங்கில் 2ஜியை அடைத்தேன். லொகேஷனை அடைத்தேன். முன்பக்கக் கேமராவில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினேன்.

"அப்படியே அதுக்குப் பூவும் வச்சு விடுங்க" என்றாள் மனைவி.

"அப்பா, உங்கள யாரு லா ஒட்டுக்கேக்கப் போறா?" என்றாள் மகள்.

விஷயம் தெரிந்தவன் அதிகம் பேசக்கூடாது என்று அன்று ஒருநாள் மட்டும் நினைத்தேன்.

எங்கள் ஊர் அலோர் காஜாவில் நான் காலையில் வழக்கமாகப் போகும் ரொட்டிச் சானாய் கடை. வைஃபை பாஸ்வோர்டை மாற்றியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். பொது வைஃபை எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பக்கம் போனைக் காதில் வைப்பவர்கள் குறைவு. ஸ்பீக்கரில் போட்டு, பிஸ்கட்டைக் கடிக்கப் போவதுபோல் வாய்க்கு நேரே பிடித்துத்தான் பேசுவோம். நானும் பிடித்தேன்.

"அண்ணே, இப்பப் பேசலாமா?"

"தாராளமா. நம்மளுது பாதுகாப்பான லைன்."

"ஞாயித்துக்கெழம பரிசத்துக்கு நாங்க இருவது பேரு வர்றோம். பாப்பாவுக்குச் சேல என்னா கலரு புடிக்கும்?"

புது நெட்வொர்க்கில் குரல் எவ்வளவு தெளிவு. ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தவர் கை நின்றது. பக்கத்து மேசை லோரிக்காரர் ஒருவர், "பச்ச நல்லா இருக்கும் அண்ணே" என்றார்.

மறுநாள் மஸ்ஜித் தானா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த பையனின் அம்மாவிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "பச்சச் சேல எடுத்தாச்சா கா?"

மாலையில் அந்த அம்மா அழைத்தபோது போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மகள் அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"பாப்பா மொகத்துக்காக விடுறேன் அண்ணே" என்றார் கடைசியில். "ஞாயிறு வேணாம், வேற நாள் பாப்போம். ஆனா நாள அண்ணிகிட்டதான் சொல்வேன்."

ஒரு சனிக்கிழமை காலை காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து, "குளிச்சிட்டு வேட்டி கட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கட்டுங்க."

வேட்டியோடு வெளியே வந்தபோது வாசலில் மூன்று காடிகள் வந்து நின்றன; முதல் காடியிலிருந்து பையனின் அம்மா பரிசத் தட்டோடு இறங்கினார். மச்சானுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தேன். பச்சைச் சேலையில் நின்ற மகள் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அப்புறமா லா, அப்பா."